முக்கால்

எல்லோரும் காலணியைத்தான் குற்றம் சொன்னார்கள்.
கடுகு நிறத் தோல், சிவப்புக் கயிறு.
ஐம்பத்து மூன்று வயதுக்கு இது கொஞ்சம் அதிகம் என்று
லூச்சில்லா வாங்கிய அன்றே சொன்னாள்.
அண்ணன் என்னை விட்டுப் போன பிறகும்
நாத்தனார் வேலையை அவள் விடவில்லை.

விழுந்த அன்று நான் அதைப் போட்டிருக்கவேயில்லை.
குப்பைப் பையோடு இறங்கிக்கொண்டிருந்தேன்,
ஃபுல்வியோ மறந்துவிட்டுப் போன ரப்பர் செருப்பில்.
ஆளைப் போலவே
அதற்கும் பிடிமானம் கிடையாது.

மூன்றாம் மாடித் திருப்பம். நான்கே படி.
சத்தம் முதலில் வந்தது.
வலி, எங்கள் தெரு பஸ் மாதிரி,
எல்லோரும் கூடிய பிறகு வந்தது.

ஆஸ்பத்திரியில் என் உடைமைகளை
ஒரு பையில் போட்டுத் தந்தார்கள்:
வீட்டுச் சாவி, மூக்குக் கண்ணாடி,
ஒற்றை ரப்பர் செருப்பு.
தூக்கிப் போடச் சொல்ல நினைத்து
மயக்க மருந்தில் மறந்துபோனேன்.

முழங்காலுக்குக் கீழே ஒரு தகடு, ஆறு திருகாணி.
இருபத்தாறு வருஷம் இரும்புக் கடையில்
திருகாணி எடை போட்டு விற்றவள் நான்.
துரு பிடிக்காதே, என்று கேட்டேன்.
டாக்டர் சிரிக்கவில்லை.
நான் நகைச்சுவையாகவும் கேட்கவில்லை.

அப்புறம் வீடு.
ஊன்றுகோல் இரண்டு, கால் ஒன்று,
ஆக மொத்தம் முக்கால் மனுஷி.
கதவோரத்து அலமாரியில் அந்த ஜோடி.
கட்டிலிலிருந்து பார்த்தால் மூக்கு மட்டும் தெரியும்,
வெளியே போகலாமா என்று
வாசலையே பார்க்கும் நாய்கள் போல.

பிப்ரவரியில் போரா வீசியது.
மலையிலிருந்து திரியெஸ்தே மேல் விழுகிற காற்று.
குப்பைத் தொட்டிகளில் குடைகளின் விலா எலும்புகள்.
மூன்று நாள்
ஊரே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு
சாய்ந்து சாய்ந்து நடந்தது.
ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தேன்.
சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

பயிற்சிக்கு வந்த தராகோ,
கயிறு கட்டின ஷூ இருந்தால் போடுங்கள் என்றான்.
நல்ல காலுக்குத்தான் சொன்னான்.
இடதை மட்டும் எடுத்துக் கட்டினேன்.
கூடத்தில் பன்னிரண்டு அடி, திரும்பப் பன்னிரண்டு.
பிறகு படிக்கட்டு. பிறகு கறிகாய்க் கடை வரை.
இடது காலணி என்னோடு அலைந்தது, மழையில் நனைந்தது,
ஒரு முறை லூச்சில்லாவின் மீன் சூப்பையும் குடித்தது.
வலது அலமாரியிலேயே இருந்தது,
ஜனவரியில் நான் போட்ட அதே முடிச்சோடு.
இரவில் எழுந்து அதற்குள் கை விட்டிருக்கிறேன்.
பெருவிரல் பதிந்த குழி
அங்கேயே காத்திருந்தது.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று
வேறு யாருடையதோ போல ஒரு கால் வந்தது,
வெளுத்து, மயிர் முளைத்து, வீங்கி.
முக்கால் பாதம் காலணிக்குள் போனது.
கால் பாதம் வெளியே நின்றது.
மாப்பிள்ளை அழைப்பா இது, ஏன் கெஞ்சுகிறாய் என்றாள் லூச்சில்லா.
அவள் முன்னால் அழவில்லை.

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, நுழைந்தது.
இரண்டையும் கட்டிக்கொண்டு
கடலுக்குள் நீளும் கல்பாலத்தின் முனைவரை போனேன்.
நொண்டினேன்.
திரும்பும்போதும் நொண்டினேன்.

தராகோ டேப் வைத்து அளந்தான். கால்கள் சமம்.
மறுபடி அளந்தான்.
பிறகு காலணிகளைக் கையில் வாங்கி
மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.
இடதின் குதி நான்கு மில்லிமீட்டர் தேய்ந்திருந்தது.
வலது இன்னும் ஜனவரியில் இருந்தது.

கடையாக இருந்தால் வாஷர் போட்டிருப்பேன்.
அலமாரியின் அடியில் தேடினேன்.
ஆஸ்பத்திரிப் பை இருந்தது.
ஃபுல்வியோவின் ரப்பரிலிருந்து
பிறை வடிவில் ஒரு துண்டு வெட்டி
இடது குதிக்கு உள்ளே வைத்தேன்.

இப்போது சரியாக நடக்கிறேன்.
கொஞ்சம் கீச்சிடுகிறது, அவ்வளவுதான்.
திருகாணி என்று நினைத்துக்கொண்டு
கடையில் எல்லோரும்
எனக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள்.